முழங்கால் அளவு

இருபத்திரண்டு வருடமாகத் தராசுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவரை ஒரு திங்கட்கிழமை காலையில் கருத்துக்கு முத்திரை குத்த அனுப்பிவிட்டார்கள். உத்தரவு ஒரே பக்கம்தான். பள்ளிக் கருத்துச் சீர்மை மசோதா சட்டசபைக்கு வருவதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் மூன்று மாதம் வெள்ளோட்டம் விடப்படும். அரசுப் பள்ளிகளில் பட்டியலில் உள்ள கருத்தைத் தவிர வேறு கருத்து கற்பிக்கப்படுகிறதா என்று பார்க்க ஆய்வர்கள் தேவை. எடை அளவுத் துறை ஆய்வரின் பதவிப் பெயரிலேயே 'ஆய்வர்' என்ற சொல் இருப்பதால் தனியாக ஆள் எடுக்கும் செலவு மிச்சம். இவ்வளவுதான் விஷயம். பழைய வேலையும் போகவில்லை. இது கூடுதல் பொறுப்பு.

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்றே பேர். ஒரு கிலோ என்றால் ஆயிரம் கிராம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு இருந்தால் அது கிலோ இல்லை, வேறு ஏதோ. இதற்கு மேல் உலகத்தைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

"அதனாலதான் உங்களப் பொறுக்கியிருக்காங்க" என்றாள் மனைவி. அவள் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் பிரித்துப் பார்க்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

முதல் வாரம் பயிற்சி. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மாடியில் பதினான்கு ஆய்வர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொதிகலன் ஆய்வர். ஒருவர் லிஃப்ட் ஆய்வர். கால்நடைத் துறையிலிருந்து வந்தவர் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்வாராம். கருத்துச் சீர்மை இயக்குநர் வந்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினார்.

"பிள்ளைங்களுக்கு ஒரு விஷயத்துல ரெண்டு கருத்து சொன்னா என்ன ஆகும்? ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கும். ஒப்பிட்டா யோசிக்கும். யோசிச்சா கேள்வி கேக்கும். கேள்வி கேட்டா யாராவது பதில் சொல்லணும். அந்த யாராவது யாரு? நாமதான். நமக்கு வேற வேலை இல்லையா?"

கைதட்டினார்கள்.

"நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு கருத்துகூட இல்லாமதான் இந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்கேன். அந்த வாய்ப்பு நம்ம பிள்ளைங்களுக்கும் கிடைக்கணும்."

தராசு கையைத் தூக்கினார். "சார், எங்க துறையில மூல எடைன்னு ஒண்ணைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருப்போம். கடைக்காரர் எடைக்கல்ல அதோட ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்லுவோம். இங்க மூலக் கருத்து எங்க சார் இருக்கு?"

"பட்டியல்ல இருக்கு."

"அந்தப் பட்டியல் சரியான்னு எதோட ஒப்பிடுறது?"

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தான சொன்னேன், ஒப்பிட்டா என்ன ஆகும்னு."

தராசு உட்கார்ந்துவிட்டார். பதிலில் குறை சொல்ல முடியவில்லை.

அவருக்கு ஒதுக்கியது ஆற்றங்கரை நடுநிலைப் பள்ளி. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். தலைமை ஆசிரியரை ஊரே 'சரிங்க சார்' என்றுதான் சொல்லும். யார் எது சொன்னாலும் முதலில் அதைத்தான் சொல்வார். என்ன சொன்னார்கள் என்று அப்புறம்தான் கேட்பார். ஆய்வருக்கு வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இடம் போட்டுக் கொடுத்தார். கையில் பட்டியல், மடியில் படிவம். படிவத்தில் மூன்று கட்டங்கள்: கருத்து இல்லை, அனுமதித்த கருத்து, கருத்து மாதிரி இருக்கிறது.

முதல் நாள் கணக்குப் பாடம். "இந்தக் கணக்க ரெண்டு வழியில போடலாம்" என்று ஆரம்பித்த வாத்தியார், கடைசிப் பெஞ்சைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். பட்டியலில் ஒரு வழிதான் இருந்தது. மறுநாள் இரண்டாவது வழி கரும்பலகையிலிருந்து காணாமல் போயிற்று. பரீட்சையில் இரண்டாவது வழியில் போட்டு விடையைச் சரியாகக் கொண்டுவந்தவர்களுக்கு, 'விடை சரி, கருத்து தவறு' என்று எழுதிப் பூஜ்யம் போட்டார்.

பிறகு பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'வாழச் சிறந்தது நகரமா, கிராமமா?' பட்டியலில் நகரம் என்று இருந்தது. நகரக் கட்சியில் மூன்று பேர் பேசினார்கள். கிராமக் கட்சியில் மூன்று பேர் எழுந்து, எதிரணியினர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை என்று புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியாமல் ஆறு பேருக்கும் முதல் பரிசு கொடுத்தார். மசோதாவின் முதல் வெற்றி என்று இயக்குநர் அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்த மாதமே பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தொடங்கியது. மனைவி தபால் நிலையத்திலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். 'மசோதாவை ஆதரிக்கிறேன்', 'மசோதாவை முழுமையாக ஆதரிக்கிறேன்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

"எதிர்க்கிறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் தராசு.

"முதல் கட்டத்துல டிக் அடிப்பாங்க. அதான் எதிர்ப்பு."

இதெல்லாம் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, சமூக அறிவியல் டீச்சரின் வகுப்பு வரும்வரை.

எட்டாம் வகுப்பு. பாடம், 'நமது ஊரும் ஆறும்'. டீச்சர் புத்தகத்தைப் பிரித்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள். "ஐந்து ஆண்டுகளுக்கு முன் நமது ஊரில் நல்ல மழை பெய்தது. ஆற்று நீர் முழங்கால் அளவுக்கு உயர்ந்தது. மக்கள் எல்லாரும் பாதுகாப்பாக வீடு திரும்பினர்."

தராசு பட்டியலைப் பார்த்தார். வெள்ளத்துக்கு அனுமதித்த கருத்து: மழை. வகுப்பில் சொல்லக் கூடாத சொற்கள்: அணை, மதகு, அபாயச் சங்கு, முன்னறிவிப்பு.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். காதோரத்தில் பென்சில் செருகியிருந்தாள்.

"எல்லாரும்னா யாரு டீச்சர்?"

டீச்சர் அவளைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே, ஆறு இருக்கும் பக்கம் பார்த்தாள். முப்பத்தேழு பிள்ளைகள் இருந்த அறையில் ஒரு பெஞ்சுகூட முனகவில்லை. பழக்க தோஷம், தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு கண்ணு" என்றாள் டீச்சர் கடைசியில். அடுத்த பத்திக்குப் போனாள்.

தராசு படிவத்தில் எழுதினார்: 'மாணவி ஒரு கேள்வி கேட்டார். ஆசிரியர் பதில் கூறவில்லை. நாற்பது விநாடி.' மூன்று கட்டங்களில் எதிலும் அது அடங்காததால் ஓரத்தில் எழுதினார். அளவு துல்லியமாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட.

பத்தாம் நாள் டீச்சர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டாள். குற்றம்: பாடத்துக்கு மாறான கருத்தை நாற்பது விநாடி மௌனமாகக் கற்பித்தது. ஆதாரம்: ஆய்வரின் அறிக்கை.

தராசு இயக்குநர் அறைக்கு ஓடினார். "சார், அவங்க ஒண்ணுமே சொல்லலயே."

"அதான் பிரச்சினை. எல்லாரும்னா எல்லாரும்தான்னு சொல்ல ரெண்டு செகண்டு போதும். மிச்சம் முப்பத்தெட்டு செகண்டு அங்க என்ன நடந்துச்சு? முப்பத்தேழு பிள்ளைங்க யோசிச்சிருக்கு. நீங்களே சாட்சி."

"நானும்தான் சார் யோசிச்சேன்."

"அது உங்க அறிக்கையில இல்ல. அதனால விட்டுடறேன்" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக. "நல்லா வேலை பாக்குறீங்க. மத்த ஆய்வர்லாம் 'சிறிது நேரம்'னு எழுதுறாங்க. நீங்க நேரத்தையே அளந்து குடுத்துட்டீங்க. நிரூபிக்கச் சுலபமா இருந்துச்சு."

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மனைவி விஷயத்தைக் கேட்டாள்.

"நீங்க எழுதினது பொய்யா?"

"இல்ல. சரியா நாப்பது செகண்டுதான்."

"அப்போ உண்மையத்தான் எழுதியிருக்கீங்க. உண்மைய எழுதி ஒரு பொம்பள வேலைக்கு உலை வச்சுட்டீங்க." சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "புத்தகத்துல இருக்கிறது உண்மையான்னு யாராவது அளந்தாங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் தராசு அளந்ததெல்லாம் கடைக்காரரின் கல்லைத்தான். மூலக் கல்லை யாரும் அவரை அளக்கச் சொன்னதில்லை.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் பட்டியலை எடுத்துப் போகவில்லை. தன் பழைய தோல் பையை எடுத்துப் போனார். எட்டாம் வகுப்பில் டீச்சர் இல்லாததால் தலைமை ஆசிரியரே நின்றுகொண்டு பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகைக்கு மேலே, சுவர் நெடுகப் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. இத்தனை நாளும் அவர் கண்ணில் பட்டதுதான்.

"இது என்ன கோடு?"

"சரிங்க சார்" என்றார் தலைமை ஆசிரியர். பிறகு, "கோடா? எங்க சார்?" என்றார். தராசு விரலை நீட்டியதும் குரலைத் தாழ்த்தினார். "நாலு தடவ வெள்ளை அடிச்சாச்சு சார். ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்துடுது. சேறு சுவருக்குள்ள ஊறிப்போச்சு."

தராசு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறினார். பையிலிருந்து முத்திரையிட்ட எஃகு நாடாவை எடுத்தார். அறையின் நான்கு மூலைகளிலும் அளந்தார். நான்கிலும் ஒரே அளவு: இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"என்ன சார் அளக்குறீங்க?" மூன்றாவது பெஞ்சுப் பெண்தான் கேட்டாள்.

"தண்ணிய."

"புத்தகத்துல முழங்கால்னு போட்டிருக்கே சார்."

"யாரு முழங்கால்னு போடலயே. அதான் பாக்கணும்."

அன்று முற்பகல் முழுவதும் அந்த வகுப்பில் முழங்கால் அளந்தார்கள். முப்பத்தேழு பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள்; கூச்சப்பட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். தரையிலிருந்து முழங்கால்வரை, தலையிலிருந்து கால்வரை என்று இரண்டு அளவையும் அந்தப் பெண் நோட்டில் குறித்தாள். பள்ளியிலேயே உயரமான முழங்கால் தலைமை ஆசிரியருடையது, ஐம்பத்தொரு சென்டிமீட்டர். தராசு விகிதம் போட்டுப் பார்த்து, கணக்கு வாத்தியாரிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அவர் பயந்துகொண்டே ஒரே ஒரு வழியில் மட்டும் சரிபார்த்துத் தந்தார். அந்தத் தண்ணீர் ஒருவருக்கு முழங்கால் அளவு இருக்க வேண்டுமானால் அவர் எட்டு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இந்த ஊரில் அப்படி யாராவது வசித்ததுண்டா என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் கேட்டார் தராசு. 'பதிவேட்டில் இல்லை' என்று அவரும் எழுத்துமூலம் பதில் கொடுத்தார்.

மத்தியானம் தராசு நேராக மாவட்டப் பாடநூல் கிடங்குக்குப் போனார். அடுத்த வருடத்துக்கான எட்டாம் வகுப்புப் புத்தகம் நாலாயிரத்து இருநூறு பிரதி கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. அவற்றை அவர் பறிமுதல் செய்வதாகச் சொன்னார்.

கிடங்கு எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், இது புத்தகம்."

"அச்சிட்ட பொருள். அளவு போட்டிருக்கு. போட்ட அளவு வேற, நிஜ அளவு வேற. எடை அளவுச் சட்டம்."

"அது அரிசி பருப்புக்குத்தான சார்?"

"எந்தப் பொருளுக்குன்னு சட்டத்துல சொல்லல. பொருளுன்னுதான் இருக்கு." அரக்கைக் காய்ச்சி, கதவில் ஒழுங்காக நான்கு முத்திரை வைத்துவிட்டு ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

இயக்குநர் ஃபோனில் கத்தினார். தராசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பழைய வேலை போகலன்னு உத்தரவுலயே இருக்கு சார். கூடுதல் பொறுப்புதான்" என்றார்.

அடுத்த வருடப் புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போக மூன்று வாரம்தான் இருந்தது. புத்தகத்தை மீட்கக் கல்வித் துறை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிற்று. மாஜிஸ்திரேட் ஒரு நடுத்தர வயது அம்மாள். ஆஸ்துமாக்காரர், ஒரு சொல்லுக்கு மேல் தேவைப்படாத இடத்தில் இரண்டு சொல் பேசமாட்டார். தராசின் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"முப்பத்தேழு முழங்கால் அளந்திருக்கீங்க."

"முப்பத்தெட்டு, அம்மா. தலைமை ஆசிரியரோடது சேத்து."

"புத்தகத்துக்கு ஒப்புதல் குடுத்த இயக்குநர் முழங்கால்?"

"கேட்டேன் அம்மா. அனுமதி கிடைக்கல."

மாஜிஸ்திரேட் அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். வக்கீல் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்கு முன்னால் மூன்று கதவுதான் இருந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று சாதிக்கலாம். சுவரில் கோடு இருக்கிறது. புத்தகம் தப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். முன்னுரை எழுதியவர் மந்திரி. வக்கீல் மூன்றாவது கதவைத் திறந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, முழங்கால் அளவுங்கிறது அளவே இல்ல. அது ஒரு கருத்து. அந்த வெள்ளத்தப் பத்திப் பல பேருக்குப் பல கருத்து இருக்கலாம். இருக்கத்தான் செய்யும். பாடப்புத்தகம் சொல்றது அதுல ஒண்ணு. படிக்கிறவங்க மத்த கருத்தையும் தெரிஞ்சுக்கிட்டு அவங்களே முடிவு பண்ணிக்கலாம். இதுல எடை அளவுச் சட்டத்துக்கு என்ன வேலை?"

பின் வரிசையில் இயக்குநர் தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தார். ஆட்டிய தலை பாதியில் நின்றது.

"நல்ல வாதம்" என்றார் மாஜிஸ்திரேட். "எழுதிக் குடுங்க."

"எழுதியா?"

"பிரமாணப் பத்திரம். துறை இயக்குநர் கையெழுத்தோட. குடுத்தா புத்தகத்த விட்டுடறேன். குடுக்கலன்னா அளவுதான்னு எடுத்துக்கிட்டு வழக்க நடத்துவோம். எட்டு மீட்டர் ஆள நீங்க கூட்டிட்டு வரணும்."

இயக்குநர் ஒன்றரை நாள் யோசித்தார். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் யோசித்ததில்லை என்று அவர் டிரைவர் சொன்னாராம். பிறகு கையெழுத்துப் போட்டார். 'ஒரே நிகழ்வைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம் என்றும், பாடநூல் கூறுவது அவற்றுள் ஒன்று மட்டுமே என்றும், பிற கருத்துகளையும் கேட்டறிந்து தாமே முடிவு செய்ய மாணவர்களுக்கு உரிமை உண்டு என்றும் இத்துறை உறுதி கூறுகிறது.' கீழே பச்சை மை, வட்ட முத்திரை.

அந்தப் பத்திரத்தின் நகல் எப்படியோ ஊரெல்லாம் சுற்றியது. எப்படி என்று தராசு மனைவியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கருத்துக் கேட்புப் படிவத்தில் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதத் தொடங்கினார்கள் ஜனங்கள். ஒருவர் எழுதினார்: 'எங்க பிள்ளைக்கு நாங்க பொய் சொல்றதே போதும், நீங்க வேற வேண்டாம்.' தபால் நிலையத்திலிருந்து ஐந்து சாக்கு போயிற்று. சட்டசபையில் ஓர் உறுப்பினர் இயக்குநரின் பத்திரத்தை வாசித்துக் காட்டிவிட்டு, துறையே எதிர்க்கும் மசோதாவை யார் ஆதரிப்பது என்று கேட்டார். மந்திரி மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம், அதைப் பற்றிப் பல கருத்துகள் நிலவுகின்றனவாம்.

டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தராசுக்கு மாவட்டத்தின் கடைக்கோடியில் மீன் சந்தைக்கு மாற்றல் கிடைத்தது. போகும் வழியில் பத்திரத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பள்ளியில் இறங்கினார். டீச்சரின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே தயார் பண்ணியிருந்தார். நேரில் அதில் இரண்டு சொல்தான் மிஞ்சியது.

"என்னாலதான் டீச்சர்."

"நாப்பது செகண்டுதான் சார். நானும் மனசுக்குள்ள எண்ணிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் டீச்சர். "உள்ள வாங்க."

வகுப்பில் அவள் பழைய பத்தியை வாசித்தாள். அதற்கு அடுத்து இயக்குநரின் பத்திரத்தை, பச்சை மை உட்பட, வாசித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இனி நீங்க சொல்லுங்க."

மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"அன்னைக்கு மழையே இல்ல டீச்சர். வெயில் அடிச்சுது. அதனாலதான் எங்கம்மா ஆத்தோரம் துணி காயப்போட்டிருந்தாங்க. எங்க துணி இல்ல, சலவைக்கு வந்தது. தண்ணி வருதுன்னு யாரோ ஓடிவந்து சொன்னாங்க, சங்கு ஊதல. ஊரான் துணி, போனா நாமதான் பதில் சொல்லணும்னு எடுக்கப் போனாங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "துணி மட்டும் கிடைச்சுது. ரெண்டு நாள் கழிச்சு. எங்கப்பா அதத் துவைச்சு எல்லார்கிட்டயும் திருப்பிக் குடுத்தாரு."

உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். மதகைப் பற்றிச் சொன்னார்கள். கூரைமேல் இருந்த ஆட்டைப் பற்றிச் சொன்னார்கள். மழையும் பெய்தது, மேற்கே, நான் பார்த்தேன் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவளையும் உட்காரச் சொல்லவில்லை டீச்சர். தராசு கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. ஏன் வகுப்பு விடவில்லை என்று பார்க்கத் தலைமை ஆசிரியர் வாசலுக்கு வந்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகும் சார்" என்றாள் டீச்சர்.

அவர் வாயைத் திறந்தார். வழக்கமாக வரும் சொல் வரவில்லை. உள்ளே வந்து, முதல் பெஞ்சில் இரண்டு பிள்ளைகளை நகரச் சொல்லி, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மதகு திறக்கப்போறதா எனக்குக் காலையிலேயே ஃபோன் வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. நான் சரிங்க சார்னேன்."